கடலுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்

முல்லைத்தீவுக் கடலுக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு. கடலுக்குள்ளும் ஆறுகள் ஓடுகின்றன என்று கொன்வென்ற்றில் சிஸ்ரர் அந்தக் கிழமைதான் சொல்லியிருந்தார். மேல்தண்ணீரைச் சூடாக்குவது வெயில் மட்டுமல்ல. எங்கோ சூடேறிய தண்ணீரை நீரோட்டம் இன்னொரு கரைக்குக் கொண்டுபோகும். ஓர் ஓட்டம் பல வருசம் தடம் மாறிக் கிடந்தால் அந்தக் கரையின் மழையும் வெயிலுமே மாறிவிடும் என்றார். அதற்குப் பிறகு எனக்கு வகுப்பு வாங்கில் இருப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் வேறு கவலை. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கரைவலையில் சொறிமுட்டை என்கிற இழுதுமீனைத் தவிர ஒன்றும் ஏறவில்லை. மீன் பட்டால்தான் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டில் கட்டலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கோ புதுச் சட்டை தைத்து முடிந்திருந்தது.

வலை இழுக்க எங்களுக்கு இரண்டு பாடுகள், அதாவது கரையில் உரிமைப்பட்ட இரண்டு துண்டுகள், இருந்தன. ஒன்று அப்பாவின் தகப்பன் விட்டுப்போனது. மற்றது முகத்துவாரத்தடியில், அம்மாவின் சீதனம். சீதனப் பாட்டில் வலை வளைக்க அப்பாவின் மீசை இடங்கொடுக்காது. அம்மாவும் சித்தப்பாவும் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள்.

பெண்பிள்ளை வள்ளத்தில் ஏறக்கூடாது. ஆகவே போன கிழமை தம்பிக்குக் காய்ச்சல் பார்த்த வெப்பமானியை அலுமாரியிலிருந்து எடுத்து, நூலில் கட்டிச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவரும் சிரிக்காமல் வாங்கிப் போய், வலை வளைக்கிற இடத்தில் தோய்த்துக் கொண்டுவந்தார். பார்த்தேன்: நூற்றிரண்டு.

“கடல் கொதிக்குது சித்தப்பா. மீன் இஞ்சை நிக்காது. ஆத்துத் தண்ணி வாற முகத்துவாரப் பக்கம் போயிருக்கும்.”

“எனக்கெண்டால் குளிரிலை கால் விறைச்சுது, பிள்ளை.”

“கால் பொய் சொல்லும். பாதரசம் சொல்லாது.”

வெப்பமானியை என்னிடமிருந்து வாங்கி உயர்த்திப் பிடித்தார். பிறகு வலைக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி, “அண்ணை, கொன்வென்ற்றிலை படிக்கிற பிள்ளை கருவி வைச்சுப் பாத்துச் சொல்லுது. கேக்காமல் விட்டால் ஊர் சிரிக்கும்” என்றார்.

மனைவி சொல்லியும் தன் தம்பி சொல்லியும் அசையாத அப்பா பாதரசத்துக்கு அசைந்தார். அடுத்த நாள் முகத்துவாரத்தில் வலை வளைத்தார்கள். வலையின் மடி நிறையச் சூடை மீன்.

காரணம் முழுக்கத் தலைகீழ் என்று இன்றைக்குத் தெரியும். சோழகம் மேல்தண்ணீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்நீர் ஏறியிருக்க வேண்டும். கால் சொன்னதுதான் சரி; அந்தக் குளிருக்குத்தான் மீன் முகத்துவாரத்துக்கு ஒதுங்கியிருக்கும். ஆனால் அன்று நான் கடலுக்கே டொக்டர். மடுவுக்குப் போன காட்டுவழி முழுக்க, புதுச் சட்டையோடு வண்டிலில் அந்தக் கதைதான் அளந்துகொண்டு போனேன்.

பாதி வழியில் தம்பிக்கு உடம்பு சுட்டது. அம்மா வெப்பமானியை எடுத்து, கையை வீசி வீசி உதறினார். ஏன் என்று கேட்டேன்.

“உதறாட்டிப் பழைய காய்ச்சல்தான் நிக்கும்.”

முன்னால் மாடு ஓட்டிக்கொண்டிருந்த அப்பா மெல்லத் திரும்பினார். “பிள்ளை, அண்டைக்குக் கடலுக்குக் குடுத்துவிட முந்தி நீ உதறினனியோ?”

நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா, “அண்ணை, மாட்டைப் பாருங்கோ” என்றார். அம்மா சேலைத் தலைப்பால் சிரித்த வாயைப் பொத்திக்கொண்டார்.

மாட்டுக்கு என்னவோ என்று நானும் பதறி எட்டிப் பார்த்தேன். அது தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தது.