துணிக்கு ஒதுக்காத ஒரு நாள்

என் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்குச் சண்டைக்கே போயிருப்பேன். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் மேனேஜர். புது ஆர்டருக்கு, கட்டிங் முதல் கப்பல் ஏற்றுவது வரை நாள்வாரியாகக் கலர் கலராகச் சார்ட் போட்டு, முதலாளியிடம் பாராட்டும் வாங்கி, சுவரில் ஒட்டியிருந்தேன்.

முதல் நாள் காலையில் பார்த்தால், துணி விரிக்கும் செல்வி ரோல்களை எல்லாம் பிரித்து மேஜையில் போட்டுவிட்டுச் சும்மா நிற்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒன்பது மணிக்குக் கட்டிங்னு சார்ட்டுல இருக்குதுல்லம்மா?"

"இருக்குதுங்க சார். ஆனா இது இழுத்தா நீளுற லைக்ரா துணிங்க, ரோல்ல இழுத்துச் சுத்தி வந்திருக்குது. ஒரு நாள் அது பாட்டுக்குக் கெடக்கோணுங்க. இப்பவே வெட்டினா பனியன் குட்டையாயிருமுங்க."

நான் நம்பவில்லை. அவர் வாதாடவில்லை. துணியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, டேப்பை வைத்து நாற்பது இஞ்ச் என்று காட்டினார்.

மதியம் சாப்பிட்டு வந்து நானே அளந்தேன். முப்பத்தெட்டரை! யாரும் தொடாமலே கோடுகள் நெருங்கி வந்திருந்தன. அசையாமல் கிடந்த துணி தனக்குள் மெல்லச் சுருங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் சொன்னபடி வெட்டியிருந்தால் ஆர்டர் மொத்தமும் சின்னதாகிப் போயிருக்கும்.

ஆளுக்கு, மெஷினுக்கு, லாரிக்கு எல்லாம் நாள் ஒதுக்கியிருந்தேன்; துணிக்கு ஒதுக்கவில்லை. செல்வியை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இப்போது திட்டக் கூட்டம் ஏ.சி. அறையில் இல்லை, கட்டிங் மேஜையைச் சுற்றித்தான். செல்வி "சரிங்க" என்று சொல்லும்வரை நான் கலர் பேனாவின் மூடியைத் திறப்பதில்லை.