பசியைக் கேட்டு ஒரு ஜெபம்

அன்பானவர்களே, போன வருஷம் இதே சபையில் நான் ஒரு சாட்சி சொன்னேன். இளைத்துக் கிடந்த என் மகள் ஜெனிக்குக் கர்த்தர் சதை போட வைத்தார் என்றேன். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். அந்தச் சாட்சி தப்பு. அவள் உடம்பில் இருந்தது சதை இல்லை, வீக்கம்.

ஜெனிக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தார். எனக்குப் பிரம்மதேசத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை. கூலியாகக் கிடைத்த மல்லாட்டையைக் கடையில் போட்டு எண்ணெய், டீத்தூள் வாங்கிவிடுவேன். பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி, டீயில் நனைத்த பொறை ரொட்டி. கன்னம் உப்பியது, கால் கொழுகொழுவென்று ஆனது. வரப்பில் உட்கார வைத்தால் அழமாட்டாள், எதையும் கேட்கமாட்டாள். சமர்த்துப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பெருமை வேறு.

நான் சாட்சி சொன்ன மறுநாள் அங்கன்வாடி டீச்சர் அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“மேரி, இது சதை இல்லம்மா. சத்து இல்லாம ஒடம்புல தண்ணி கோத்துக்கினு இருக்குது. ஜல்தியா கெளம்பு, நானும் வர்றேன்.”

நான் நம்பவில்லை. மற்றக் காலை நானே அழுத்தினேன். அங்கேயும் குழி.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். விக்கிரவாண்டி டோல்கேட் கிட்டே ஒரே லாரி, ஆம்புலன்ஸ் நகரவில்லை. ஜெனி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்கிட்டே கை வைத்து வைத்துப் பார்த்தேன். அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது?

வார்டில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் விட்டார்கள். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: “பசின்னு அவளே கேக்கணும்மா. அப்பதான் தேறிட்டான்னு அர்த்தம்.”

விவரம் தெரிந்த நாளாக என் ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, எங்களைப் பசியில் விடாதேயும். அன்றைக்கு அந்தத் தரையில் முழங்கால் போட்டு, “ஆண்டவரே, என் பிள்ளைக்குப் பசிக்க வையும்” என்று கேட்டேன். கேட்கவே வாய் கூசியது. பதில் வரவில்லை. விட்ட பாலையும் வாந்தி எடுத்தாள். கையில் தோல் உரிந்து வந்தது. அதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை. இயேசப்பா, இயேசப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். பக்கத்துக் கட்டில் பையன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். ஜெனி அதையே பார்த்தாள். எட்டி ஒரு பிடுங்கு பிடுங்கினாள். “எனுக்கு! எனுக்குக் குடு!” என்று வார்டே அதிரக் கத்தினாள். ஊரில் என்றால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அங்கே நான் ஸ்தோத்திரம் என்று போட்ட சத்தத்தில், என்னவோ ஏதோ என்று நர்சம்மா ஓடி வந்தார்.

வீக்கம் வடிந்து வீடு வந்தோம். இப்போது கூலி மல்லாட்டை கடைக்குப் போவதில்லை. வறுத்து, வெல்லம் சேர்த்து இடித்து அவளுக்குத்தான். முட்டை வாங்கினால் முதலில் அவளுக்கு. அங்கன்வாடிக்கு ஒரு நாளும் அனுப்பாமல் இருப்பதில்லை.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை சாப்பாடே கேட்காமல் சும்மா கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடும்போதே ஜெபியுங்கள். என் ஜெபத்துக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.

அதோ, பின்னால் பாயில் உட்கார்ந்து சோறு கேட்டு ரகளை பண்ணுகிறாளே, அவள்தான் ஜெனி. ஆராதனை முடியட்டும் என்று யாரும் அவளை அதட்டாதீர்கள். நான் கேட்டு வாங்கிய பசி அது. போய் ஊட்டிவிட்டு வருகிறேன்.