குருசு செய்யப் போன மகள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், இது அவள் அம்மா கதை என்பதால்.

தொண்ணூறுகளின் கடைசி. சாந்தோம் கடற்கரையில் எங்கள் வீடு. மந்தைவெளியில் தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்குகிறேன். அன்றைக்கு எல்லாரும் நெத்திலிதான் கேட்டார்கள், ஆய்ந்து கொடுத்தே விரலெல்லாம் எரிச்சல். அது கிடக்கட்டும். இஞ்சினியருக்குப் படித்த என் மகள் கையில் ஒரு கடிதாசி. ஐதராபாத்தில் வேலை, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவள் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே முடியாது என்றுவிட்டார்.

"பொட்டப்புள்ளய அவ்ளோ தூரம் தனியா அனுப்பிட்டு நான் இங்க இன்னா பண்றது?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா வேலடி அது?" என்றேன்.

"குரூஸும்மா. நம்ம நாட்ல மொத மொத செய்யப் போறாங்க."

எங்கள் வேதக்காரர் வீடுகளில் சிலுவையைக் குருசு என்போம். என் காதில் விழுந்தது அதுதான்.

"கேட்டியாய்யா? குருசு செய்யப் போறாளாம்! ஆண்டவர் வேலைய வாணாம்ன்றியே!"

அவர் வலையைக் கீழே வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப போவட்டும்."

நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மகள் உட்காராமல் நிற்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ரயில் ஏறியிருப்பாள். பொய்யில் போக அவளுக்கு மனசில்லை.

"நைனா, அது குருசு இல்ல. குரூஸ் ஏவுகணை."

"குண்டா?" அவர் எழுந்தேவிட்டார். "நீ போவாத!"

"கேளு நைனா. மத்த ராக்கெட்டு மாதிரி வானத்துக்கு ஏறி விழாது. கடலை ஒட்டினாப்ல போவும், ஆலாக் குருவி மாதிரி. லேசுல யார் கண்ணுலயும் சிக்காது."

"ரீல் வுடாத. கடல் இன்னா சிமெண்ட்டுத் தரையா? அலை தூக்கி அடிச்சா?"

"தண்ணி எவ்ளோ கிட்ட கீதுன்னு பாத்துக்கினே போவும். அலை பெருசா இருந்தா உசரத்த ஏத்திக்கும். அந்தக் கண்ணைச் செய்ற எடத்துலதான் எனக்கு வேலை."

"காத்து தள்ளினா?"

"தானே வழிக்குத் திரும்பிடும்."

"இருட்டுல?"

"இருட்டுலயும்."

"உள்ள ஆள் இல்லாமயா?"

"ஆள் இல்லாம."

எழுந்தவர் திரும்பவும் உட்கார்ந்தார். கடலிலேயே கிடந்த மனிதர். மூடுபனியில் கரை தெரியாமல் இவரும் ஆட்களும் அந்தோணியாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்து சேர்ந்த நாட்கள் எத்தனை! எனக்கோ புல்லரித்துப் போயிற்று. மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண், கடலைப் பார்க்க ஒரு கண் செய்யப் போகிறாளாம்!

"இத நீ செய்வியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நெறைய பேரு நைனா. அதுல நானும்."

வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "திங்கக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமையே ரயில் ஏறணுமே. பூசை பாத்துட்டுக் கெளம்பு. சென்ட்ரல் வரைக்கும் நான் வரேன்."

சென்ட்ரல் வரைக்கும் என்று கிளம்பிய மனிதர் ஐதராபாத் வரைக்கும் போய்விட்டு, நாலு நாள் கழித்துத்தான் வந்தார்.