புகை மெஷின் கேட்டது நான்தான்

எங்கள் வட்டவளைத் தோட்டப் பள்ளிக் கலைவிழாவுக்குப் புகை மெஷினும், மின்னி மின்னி எரியும் லைட்டும் வேண்டுமென்று அடம்பிடித்தது வேறு யாருமில்லை, நடன ஆசிரியையான நான்தான். ஏதோ டிவி நிகழ்ச்சியில் பார்த்த ஆசை.

"டீச்சர், வட்டவளையில மூணு மணிக்கெல்லாம் மூட்டம் எறங்கிருங்க. அதுக்கு மேல புகை எதுக்குங்க?" என்று ஹட்டனிலிருந்து லைட் கொண்டுவந்தவர் இரண்டு தடவை கேட்டார்.

"கேட்டத மட்டும் போடுங்க" என்றேன்.

பிள்ளைகள் மேடையேறிய நேரம் பார்த்து, மண்டபத்தின் திறந்த கதவுகள் வழியே பனிமூட்டம் உள்ளே வந்தது. மெஷினும் தன் பங்குக்குப் புகையைக் கக்கியது. குளிரில் அது கலையவே இல்லை. லைட் மின்ன மின்ன, மேடை வெறும் வெள்ளைச் சுவராகத்தான் தெரிந்தது. பாட்டு கேட்டது, சலங்கை கேட்டது, ஒரு பிள்ளையின் முகம்கூடத் தெரியவில்லை. நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது.

தேயிலைக் கொழுந்து பறித்த மலையிலிருந்து நேரே வந்த ஒரு தாய், ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எம் புள்ள எந்தப் பக்கம் நின்னுச்சுங்க டீச்சர்?"

"இடது பக்கம், ரெண்டாவதா."

காலி மேடையில் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா ஆடுச்சுங்களா?"

"ரொம்ப நல்லா ஆடுச்சு" என்றேன். நானும்தான் பார்க்கவில்லை.

இப்போதும் யாராவது புகை மெஷின் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. கேட்பவர்கள் அது தங்கள் மேல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.