கழுத்தில் ஒரு லாரிச் சாவி

லாரியின் பின்சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி, இடுப்புத் துணியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, டீசல் தொட்டிக்குள் குச்சியை விடுவார் லோம்பே. மணி காலை ஆறரை. குச்சி என்பது பக்கத்துப் பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட நீள அளவுகோல். ஐந்து லிட்டருக்கு ஒன்றாக அதில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டவரும் அவர்தான். வெளியே எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு ஏதோ ஒரு பழைய தபால் உறையின் முதுகில் எண்ணை எழுதிக்கொள்வார். டிரைவர் கசுபா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

"ராத்திரி நான் குடிச்சுட்டேனான்னு பாக்குறீங்களாம்மா? டீசல் எனக்குச் சேராது. பீருதான் சேரும்."

"நீ குடிக்க மாட்டே. உன் மச்சானோட மாவு மில்லு குடிக்கும்."

இந்தப் பேச்சு தினமும் நடக்கும். இரண்டு பேருக்கும் அலுத்ததில்லை.

முலெம்பா நகரசபைக்கு இருப்பது இந்த ஒரே லாரி. வாரநாளில் சந்தைக் குப்பை அள்ளும். சனி ஞாயிறில் பிணம் சுமக்கும். நடுநடுவே கால்பந்து அணி, சர்ச் பாடகர் குழு, தேர்தல் பெட்டி, பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்காலி. சாவு விழுந்தால் பெட்டியை நடுவில் வைத்து, முப்பது பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டே போக ஊரில் வேறு வண்டி கிடையாது. வாடகை லாரிக்காரர்கள் மீன் ஏற்ற ஏரிப் பக்கம் போய்விடுவார்கள். அப்படியே கிடைத்தாலும், அவர்கள் கேட்கும் பணத்துக்குச் செத்தவரே எழுந்து நடந்து போய்விடலாம் என்பார் கசுபா.

சாவி முன்பெல்லாம் அலுவலகக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கியது. யார் கைக்கு எட்டியதோ அவர் வண்டி. பதினொரு வருடத்துக்கு முன் பொருளாளராக மாற்றலாகி வந்த லோம்பே, முதல் வாரமே அதைக் கழற்றி, பழுப்பு ஷூ லேஸ் ஒன்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஆணிக்குக் காலண்டர் வந்தது. குளிக்கும்போதுகூடச் சாவியைக் கழற்ற மாட்டார் என்று ஊரில் பேச்சு. அது பொய். கழற்றிச் சோப்புப் பெட்டியில் வைத்துக்கொள்வார்.

ஊர் நிர்வாகம் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்கிறவர்கள் லோம்பேயின் மேசையைப் பார்க்க வேண்டும். பேருந்து நிலையக் கழிப்பறைச் சீட்டு ஒரு கட்டு. சந்தையில் தரைக்கு வசூலித்த சில்லறை ஒரு துணிப்பை. தெருவில் மேய்ந்து பிடிபட்ட ஆடுகளின் பட்டியல். அந்தப் பட்டியலில் கவுன்சிலர் கபுங்வேயின் கடா ஏழு முறை இருக்கிறது; ஏழு முறையும் அபராதம் கட்டித்தான் வெளியே போயிருக்கிறது. ஊரில் தெருவிளக்கு பதினொன்று, எரிவது இரண்டு. அந்த இரண்டும் மதுக்கடை வாசலில் இருப்பது லோம்பேயின் குற்றமில்லை என்றாலும் ஊர் அவரைத்தான் கேட்கும். காலையில் இரண்டு டம்ளர் தேநீர், டம்ளருக்கு நாலு கரண்டி சர்க்கரை, மத்தியானம் சோளக்களியும் கருவாடும், சாயங்காலம் ஒரு கை வறுத்த வேர்க்கடலை. கடலையைக்கூட எண்ணித்தான் தின்பார் என்று கசுபா சத்தியம் செய்வார்.

மாதா மாதம் வருகிற பணத்தில் முதலில் வெளியே போவது, கூட்டத்தில் வந்து உட்காருவதற்காகப் பதினான்கு கவுன்சிலர்களுக்குத் தரும் அமர்வுப்படி. அப்படி ஒரு வழக்கம் உண்டாகி, கல்லாகி, இப்போது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. அது போக மிச்சம் இருந்தால் மின்சாரம், அதிலும் மிச்சம் இருந்தால் டீசல். சம்பளம் கடைசி. லோம்பேக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

லாரி வேண்டுபவர் ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். அதில் அவர் வைத்த கேள்விகள் மூன்று. எத்தனை கிலோமீட்டர்? எத்தனை பேர்? இன்று போகாவிட்டால் நாளை யாருக்கு என்ன ஆகும்? முதல் இரண்டுக்கும் எல்லோரும் பதில் எழுதிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பேனா நிற்கும்.

போன வருடம் அக்டோபரில் கபுங்வேயின் சித்தி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தொட்டியில் குப்பை அள்ள மட்டும் டீசல் இருந்தது. கவுன்சிலர் நேரில் வந்து நின்றார்.

"உடம்பை ஊருக்குக் கொண்டு போகணும். எழுதிக்கிட்டிருக்க நேரமில்லம்மா, சாவியைக் குடுங்க."

"ரெண்டு நாள் பொறுங்க. ஆஸ்பத்திரியில குளிர் அறை வேலை செய்யுது. செத்தவங்க காத்திருப்பாங்க. குப்பை காத்திருக்காது."

பிணத்துக்கு வண்டி இல்லை என்று சொல்வதைவிடப் பெரிய பாவம் முலெம்பாவில் இல்லை. கபுங்வே அந்த மீன்லாரிக்காரர்களையே பிடித்து அன்றைக்கே போய்விட்டார். அவருக்கு அது ஒரு செலவே அல்ல. ஆனால் அந்த வாக்கியம் ஊரில் தங்கிவிட்டது. மதுக்கடையில் சொன்னார்கள், சர்ச் வாசலில் சொன்னார்கள். சாவியம்மா என்று பெயர் வைத்தார்கள். அவருடைய சொந்தத் தம்பி டிக்சனே, ரேடியோ பழுது பார்த்த காசைக் குடித்துவிட்டு, அலுவலக ஜன்னலில் தலையை நீட்டி, "சாவியம்மா, நான் செத்தா எத்தனை நாள் காத்திருக்கணும்?" என்று கத்துவான். "நீ சாகுறதுக்கே எங்கிட்ட ஃபாரம் எழுதிக் குடுக்கணும், போடா" என்பார் லோம்பே. குப்பை அந்த வருடம் மழைக்கு முன்பே அள்ளப்பட்டது. மழை வந்தது. கீழ்க்குடியிருப்பின் கிணறுகள் சுத்தமாக இருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததை யார் கவனிப்பார்கள்?

சந்தையில் கருவாடு விற்கும் டோரிகா ஒருத்திதான் கவனித்தாள். குப்பைமேடு அவள் கடைக்குப் பின்னால்தான். கையில் ஒரு பொட்டலம் கபென்டா மீனோடு வந்து, "ஊரு திட்டட்டும் கலுங்கா அம்மா. எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குறதே இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றாள். மூத்த மகன் கலுங்காவின் பெயரைச் சேர்த்து அப்படி மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள் அதற்குள் குறைந்துவிட்டிருந்தார்கள். லோம்பே பொட்டலத்துக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

இந்த வருடம் ஆகஸ்டிலிருந்து டீசல் வாங்க வழியில்லை. மேடு கடைக்கூரை உயரத்துக்கு வளர்ந்தது. கழிப்பறைச் சில்லறையும் ஆட்டு அபராதமுமாகச் சேர்த்து, அக்டோபர் கடைசியில் அறுபது லிட்டர் வாங்கிவிட்டார். இரண்டு நாள் வேலைக்குப் போதும். வெள்ளி, சனி என்று கசுபாவுக்குச் சொன்னார். தெற்கே மேகம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

புதன்கிழமை டிக்சன் செத்துப்போனான். ஈரல்.

அம்மாவைப் புதைத்த கிராமத்தில்தான் அவனையும் புதைக்க வேண்டும். எழுபது கிலோமீட்டர், பாதி வழி மணல். சாவு வீட்டில் பெண்கள் உள்ளே தரையில், ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி. தாய்மாமன் லோம்பேயை வெளியே கூப்பிட்டார். அக்கா தங்கை பிள்ளைகளின் காரியத்தில் தாய்மாமன் சொல்தான் சொல்.

"எப்போ வண்டி?"

"வாடகைக்குக் கேட்டிருக்கேன் மாமா. எங்கிட்ட இருக்குறதுபோல ரெண்டு மடங்கு கேக்குறான்."

"வாடகையா? ஊரு வண்டிச் சாவி உன் கழுத்துல தொங்குது. உன் கூடப் பொறந்தவனை நான் மாட்டுவண்டியிலயா ஏத்தணும்?"

"குப்பைக்கு வச்ச டீசல் மாமா அது."

"குப்பைக்கு." மாமன் நெருப்பைப் பார்த்தபடி சொன்னார். "கேட்டீங்களாப்பா? குப்பைக்காம்." உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

பின்கட்டில் பெரிய சட்டியில் களி கிளறிக்கொண்டிருந்தவள் டோரிகா. உறவு இல்லை, கூப்பிடவும் இல்லை. தானாக வந்து துடுப்பைப் பிடித்திருந்தாள். லோம்பே அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னடி செய்யட்டும்?"

"போயிட்டு வா. மூணு மாசமா கெடக்குற குப்பை, இன்னும் ஒரு நாள்ல எங்கே போயிடப்போகுது?" என்றாள் டோரிகா. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், நல்லா ரேடியோ ரிப்பேர் பண்ணுவான்" என்றாள்.

லோம்பே அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை எடுத்து எழுதினார். கிலோமீட்டர் எழுதினார், ஆட்கள் எண்ணிக்கை எழுதினார். மூன்றாவது கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டார். வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் டீசல் வாங்கி ஊற்றினார். ஊற்றுமுன் ஒரு முறை, ஊற்றியபின் ஒரு முறை குச்சி விட்டுப் பார்த்து, ரசீதைப் படிவத்தோடு குண்டூசி குத்திக் கோப்பில் வைத்தார். நகரசபை டீசல் ஒரு சொட்டு போகவில்லை. வியாழன் போய் அன்றைக்கே திரும்பிவிட்டால் வெள்ளி, சனி கையில் இருக்கிறது.

போனார்கள், புதைத்தார்கள். திரும்பும் வழியில் மணலில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் முறிந்து லாரி உட்கார்ந்துவிட்டது. மாற்றுப் பட்டை மாகாணத் தலைநகரிலிருந்து பஸ்ஸில் வர நாலு நாள் ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வருடத்தின் முதல் மழை பெய்தது. ஞாயிறும் விடாமல் பெய்தது. மேடு கரைந்து சரிந்து, சரிவோடு சரிவாகக் கீழ்க்குடியிருப்புக் கிணறுகளுக்குள் இறங்கியது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத் திடலில் காலராக் கூடாரங்கள். அதன்பிறகு தலைநகரிலிருந்து இரண்டு பீப்பாய் டீசல் கேட்காமலே வந்தது. ஆகஸ்டிலிருந்து லோம்பே எழுதிய ஆறு கடிதங்களுக்கு வராத டீசல். லாரி இரவு பகலாக ஓடியது. காலராப் பிணத்தோடு யாரும் ஏறக் கூடாது, கழுவக் கூடாது, பாடக் கூடாது. பிளாஸ்டிக்கில் சுற்றிய உடம்பும், முகமூடி போட்ட இரண்டு ஆட்களும், சுண்ணாம்பு மூட்டையும்தான். அதற்குப் படிவம் தேவையில்லை. ஒன்பது முறை லோம்பே கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கசுபாவிடம் கொடுத்தார். ஐந்தாவது முறை டோரிகாவுக்கு.

"அம்மா, நீங்க உள்ள போங்க" என்றார் கசுபா. லோம்பே உள்ளே போகவில்லை. லாரி வளைவில் மறையும்வரை வெயிலில் நின்றார்.

காலரா அடங்கியதும் நகரசபை அவசரக் கூட்டம் போட்டது. கபுங்வே படிவத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"மூணாவது கேள்விக்குப் பதில் எங்கே? செத்தவங்க காத்திருப்பாங்கன்னு சொன்னது யாரு? எங்க சித்தி காத்திருக்கணும், உங்க தம்பி காத்திருக்கக் கூடாது. அப்படித்தானே?"

"டீசல் ரசீது பின்னாலயே குத்தியிருக்கு. என் சொந்தக் காசு."

"ரசீதை யாரும்மா கேட்டாங்க? வண்டி எங்கே போச்சுன்னு கேட்டோம்."

மூன்று மாதமாக லாரி ஏன் நகரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. லோம்பேயாவது சொல்லியிருக்கலாம். ஒரு மாத அமர்வுப்படி எத்தனை நடை குப்பை என்பது அவருக்கு மனப்பாடம். வாயைத் திறந்தார். ஒன்பது பேரின் பெயர்ப் பட்டியல் மேசைமேல் இருந்தது. ஐந்தாவது பெயரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டம் முடிந்ததும், அவசரக் கூட்டத்துக்கான அமர்வுப்படியைப் பதினான்கு உறைகளில் போட்டு, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரே கொடுத்தார். கபுங்வே உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் படிவத்தில் மூன்றாவது கேள்வியைத் தொடவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்க லோம்பே நிமிர்ந்தால், எதிரே நிற்பவர் அவர் முகத்தையே பார்ப்பார். லோம்பே குனிந்துகொள்வார். சந்தையில் புதிய மேடு முழங்கால் உயரம் வந்துவிட்டது. டோரிகாவின் கடையில் இப்போது அவள் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள். அவள் லோம்பேயிடம் பேசுவதில்லை.

டிசம்பர் நடுவில் ஒரு காலை கபுங்வேயின் மருமகன் வந்தார். வீட்டில் கல்யாணப் பெண்ணுக்குப் பெண்கள் கூடிச் சட்டிபானை பரிசு கொடுக்கும் விருந்து. நூறு நாற்காலி ஏற்ற வேண்டும். படிவத்தை நீட்டிவிட்டுச் சிரித்தார்.

"கேளுங்கம்மா. எத்தனை கிலோமீட்டர்? எத்தனை பேரு? எல்லாம் தயாரா வந்திருக்கேன்."

லோம்பே படிவத்தை வாங்கவில்லை. எழுந்து கதவுக்குப் பின்னால் போனார். காலண்டரை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஆணி துருவேறி இருந்தது; விரலால் அசைத்துப் பார்த்தார், உறுதியாகத்தான் இருந்தது. கழுத்திலிருந்து ஷூ லேஸைத் தலைவழியே உருவும்போது அது மூக்குக் கண்ணாடியில் சிக்கிக்கொண்டது. அவசரப்படாமல் விடுவித்து, சாவியை ஆணியில் மாட்டினார்.