பதினோராவது கிளை

போன பங்குனியில், லீவு போட்டுவிட்டு, கல்கத்தாவில் பெஹாலா வீட்டிலிருந்து தினமும் மினிபஸ் பிடித்து ஒரு அரசு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். காயம் எனக்கில்லை. எனக்கு நெருப்பு பட்டதெல்லாம் மீசையின் இடது பாதியில்தான். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டாம், சலூன் போதும். படுத்திருந்தவர் என் ரேஞ்சில், அதாவது நான் பொறுப்பேற்றிருந்த வனச்சரகத்தில், பத்து வருடமாகத் தீக்காவலராக இருந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரைத் தாதா என்பேன். வங்காளத்தில் அது அண்ணன். அவருக்கு நான் ரேஞ்சர்பாபு. அவருடைய இரண்டு கால்களும் பாதத்திலிருந்து முழங்கால்வரை கட்டுக்குள் இருந்தன.

நான் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டதும் அவர் ஆரம்பிப்பார்.

"விசில் சத்தம் எனக்குக் கேக்கல, பாபு. தப்பு என்னோடதுதான்."

"விடுங்க தாதா. நான் பாடினாலே எழுந்து ஓடாத ஆளு நீங்க. விசிலுக்கா ஓடப்போறீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பார். தாதாவும் சிரிப்பார். பிறகு, நான் வீட்டிலிருந்து கொண்டுபோன ரசத்தை டம்ளரில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "பருப்பு இதுலேருந்தும் தப்பிச்சு ஓடிருச்சு போல" என்பார். பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று.

தப்பு அவருடையது இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காடு எப்படித் தெரியும்? எங்கள் பால்கனியில் இரண்டு குரோட்டன்ஸ் இருந்தன. ஒன்று என் பராமரிப்பில் செத்தது. நான் வனத்துறைத் தேர்வில் தேறியபோது, கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா சொன்னார்: "போறதுக்கு முன்னாடி அந்த இன்னொரு செடியை உங்கம்மாகிட்ட ஒப்படைச்சிட்டுப் போ." அப்படிப்பட்டவனுக்கு, மாநிலத்தின் மேற்கே ஒரு சால மரக் காட்டை நம்பிக் கொடுத்தார்கள்.

சொந்தக்காரர்கள் புலிக்கதை கேட்பார்கள். என் எதிரி காய்ந்த இலை என்றால் அவர்களுக்கு முகம் வாடிவிடும். கோடை தொடங்கும்போது சால மரம் மொத்த இலையையும் உதிர்த்துவிடும். இலுப்பைப் பூ பொறுக்க வருகிறவர்கள், விழுந்த பூ கண்ணில் படட்டும் என்று மரத்தடிச் சருகைக் கொளுத்துவார்கள். அவர்களுக்கு அது வாசல் பெருக்குவது மாதிரி. மத்தியானக் காற்று அந்தத் தீயைக் கிளப்பிக்கொண்டு போகும். எங்களுக்கு ஹெலிகாப்டரும் கிடையாது, குழாயும் கிடையாது. பச்சைக் கிளையை ஒடித்துத் தீயின் விளிம்பில் அடிப்போம்.

அடித்து அடங்காத தீக்கு ஒரே வழி எதிர்த்தீ. தீ வருகிற வழியில் கொஞ்சம் முன்னால் சருகைக் கூட்டித்தள்ளி ஒரு வெறுந்தரைக் கோடு போட்டுக்கொண்டு, தீயைப் பார்த்த விளிம்பில் நாங்களே நெருப்பு வைப்போம். அது வருகிற தீயை நோக்கிப் போகும். நடுவில் இருக்கிற சருகு தீர்ந்ததும் இரண்டும் முட்டிக்கொண்டு அணைந்துவிடும். நடுவில் ஆள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

ஆட்கள் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டார்களா என்று பார்க்க நான் ஒரு முறை வைத்திருந்தேன். புகையில் தலையை எண்ண முடியாது, தலை நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் வெளியே வருகிற ஒவ்வொருவரும் தன் கிளையை என் காலடியில் போட வேண்டும். நான் கிளையை எண்ணுவேன். கிளை நகராது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற ரேஞ்சர்களுக்குப் படம் போட்டெல்லாம் விளக்கியிருக்கிறேன்.

அந்த வருடம்தான் எங்களுக்கு ஒரு புளோயர் வந்தது. முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் மெஷின், சருகை ஊதித் தள்ளும். பத்துப் பேர் வேலையை அது ஒன்றே செய்யும். சத்தம் இருபது பேர் போடுகிற அளவு. நம்பிக்கையான ஆள் என்று தாதாவின் முதுகில் அதை மாட்டினேன்.

புளோயர் சுமக்கிறவர் கையில் கிளை இருக்காது. முறையைக் கண்டுபிடித்த மேதைக்கு இது தோன்றவில்லை.

அன்று உள்ளே போனவர்கள் பதினோரு பேர். என் காலடியில் விழுந்த கிளைகளும் பதினொன்று. பூ பொறுக்க வந்த ஒரு கிராமத்துக்காரர், புகையைப் பார்த்து, கூடையை வைத்துவிட்டு, தானும் ஒரு கிளை ஒடித்து எங்களோடு சேர்ந்து அடித்திருக்கிறார். எல்லோரும் போட்டபோது அவரும் போட்டார். நல்ல மனிதர். நான் குனிந்து எண்ணினேன், நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று தடவை விசில் அடித்துவிட்டுத் தீக்குச்சியை உரசினேன்.

எதிர்த்தீ அழகாகப் பிடித்தது. யாருக்காவது பீடிக்கு நெருப்பு வேண்டுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே ஏதோ வெடித்தது. மூங்கிலாக இருக்கும் என்றார் ஒருவர். அந்தப் பக்கம் மூங்கிலே கிடையாது. அது புளோயரின் பெட்ரோல் டாங்கு.

தாதா மெஷினைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய தீயைக் குறுக்காகத் தாண்டி, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரித்தரைக்கு ஓடியிருந்தார். வேலை தெரிந்தவர் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அதனால்தான் உயிரோடு இருந்தார். ஷூவின் ரப்பர் பாதத்தோடு உருகி ஒட்டியிருந்தது.

விசாரணைக்கு நான் அறிக்கை எழுத வேண்டும். பன்னிரண்டாம் நாள் மேலதிகாரி போனில் கேட்டார்.

"விசில் அடிச்சீங்கல்ல?"

"மூணு தடவை சார்."

"அப்புறம் என்ன? விசில் அடித்தும் வரவில்லைன்னு எழுதுங்க. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். ஆனால் தீக்காவலர்களைச் சீசனுக்குச் சீசன் ஒரு பட்டியல் பார்த்து எடுப்பார்கள். உத்தரவை மீறியவர் என்று ஒரு வரி விழுந்தால் தாதாவின் பெயர் அதில் இராது. அந்த வேலையைத் தவிர அவருக்கு இரண்டு ஆடுகள்தான் உண்டு. என் தப்பு என்று எழுதினால் எனக்கு ரேஞ்ச் போகும். அறிக்கையை அதிகாரி சொன்னபடியே டைப் செய்து பையில் வைத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

மறுநாள் பையில் ரசப் பாத்திரத்தை வைக்கும்போது என் மனைவி அந்த அறிக்கையைப் படித்துவிட்டாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். வழக்கமாக, "ஊர்த் தீயை அணைக்கிறவருக்கு வீட்டுல பால் பொங்கினா அடுப்பை அணைக்கத் தெரியாது" என்று கிண்டல் செய்கிறவள், அன்று கிண்டல் செய்யவில்லை.

"அந்த மனுஷன் தினமும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறார். நீங்க தினமும் ஒரு ஜோக் சொல்லிட்டு வர்றீங்க. இன்னிக்கு என்ன ஜோக்?"

வார்டில் தாதா வாயைத் திறப்பதற்குள் சொன்னேன்.

"தாதா, அன்னிக்கு நான் கிளையைத்தான் எண்ணினேன். பதினொண்ணு இருந்தது."

அவர் யோசித்தார். "என்கிட்ட ஏது கிளை?"

"அதான்."

"பதினோராவது யாரோடது?"

"பூ பொறுக்க வந்தவரோடது."

"மூஞ்சியைப் பாக்கலையா?"

"இல்ல."

பக்கத்துக் கட்டில்காரர் வழக்கம்போலச் சிரிக்கத் தயாராக இருந்தார். பிறகு போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

தாதா தன் கால்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா நான் மன்னிப்புக் கேட்டேனே, பாபு. நீங்க அதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரசப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் புதிய அறிக்கையோடு போனேன். ஆங்கிலத்தில் இருந்ததை வங்காள மொழியில் படித்துக் காட்டினேன். எண்ணியது நான், தவறு என்னுடையது என்ற இடத்தில், "இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன். இன்னும் ஒரு தடவை கேட்டார். பிறகு சொன்னார்:

"கீழே இதையும் எழுதுங்க. அந்த மெஷின் முதுகில இருந்தா எந்த விசிலும் கேக்காது. ஒருத்தர் போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிடணும்."

எழுதினேன். அந்த அறிக்கையில் உருப்படியான வரி அது ஒன்றுதான்.

எதிர்பார்த்தபடி எனக்கு ரேஞ்ச் போயிற்று; கல்கத்தா அலுவலகத்தில் ஒரு மேஜை கிடைத்தது. இப்போது என் பொறுப்பில் இருக்கிற மரம் அது மட்டும்தான். ஏற்கெனவே செத்தது, என்னால் அதற்கு ஆபத்தில்லை. தாதாவின் பெயர் பட்டியலில் நின்றது. அவரால் முன்போல ஓட முடியாது. தீ வந்தால் கோட்டின் மேல் கோலை ஊன்றி நின்று ஆட்களை எண்ணுவது அவர் வேலை. என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

இந்த மாசியில் ஒரு மத்தியானம் ஆபீசில் இருந்தபோது போன் வந்தது.

"எதிர்த்தீ வைக்கப்போறோம், பாபு. எண்ணிக்கிறீங்களா?"

நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: டீக்கடைக்காரர் தம்பி, இருமல்காரர், புது மாப்பிள்ளை... நான் ஒரு கோப்பின் அட்டையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்து கோடு ஆனது.

"மெஷின்காரர்?" என்றேன்.

"இருங்க" என்றார். போனில் மெஷின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது.

"தோளைத் தொட்டுக் கூட்டிட்டு வந்தாச்சு. போட்டுக்குங்க."