கைநிழல் பார்த்து வைத்த கொடி

காலை வெயில் ஓலைக் கூரைக்கு மேலே ஏறியதும் ஆற்றுத் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துக்குள் நுழைந்து களிமண் சுவரில் நெளிநெளியாக ஆடும். ஒரு தோணி போனால் போதும், சுவரே அசைவது போல இருக்கும். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அதன் மேற்கே, படுவான்கரையில், ஆற்றைப் பார்த்தபடி இருந்த வீடு அது. அந்த ஆடுகிற வெளிச்சத்துக்கு அக்கா "ஆத்துவெயில்" என்று பெயர் வைத்திருந்தாள். அக்கா போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாளும் அந்தச் சுவரைப் பார்க்க முடியாமல் இருந்தேன். இப்போது கொஞ்சம் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அப்பா வெற்றிலைத் தோட்டம் செய்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பட்டினத்தில் ஒரு பறங்கிப் பெண்மணி மருத்துவிச்சியாக இருந்தார். ஊரே அவரை "நோனா" என்று சொல்லும். எங்கள் பக்கத்துப் பிள்ளைப்பேறுகளுக்குத் தோணியில் வந்து போவார். என்னைப் பெறும்போது அம்மாவின் உயிரைப் பிடித்து நிறுத்தியவரும் அவர்தான். அன்று கதவுக்கு வெளியே நின்று அம்மாவின் சத்தத்தைக் கேட்டிருந்த அக்காவுக்கு, நோனாவோடு போய் அந்த வேலையைப் பழக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இருக்கவில்லை. அப்பாவோ கிரான் ஊரில் வயல் செய்த முறைமச்சானுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க நினைத்திருந்தார். "நோனா தன்ட வாயால கேட்டா உடுறன். நாமளாப் போய்க் கேக்கிறல்ல" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

அந்த வருடம் நோனா மலைநாட்டில் இருந்த தமக்கையிடம் மூன்று மாதம் போய் இருக்கப் புறப்பட்டபோது, ஒரு மண்சட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டியில் ஒரு சின்னக் கொடி. இலைகள் ஐந்து மூலையாக, நடுவில் பச்சையும் ஓரமெல்லாம் பால் சிந்தினது போல வெள்ளையுமாக இருந்தன. "ஐவி" என்று அதன் பெயரைச் சொன்னார்.

"கொடி வளக்கிற ஆக்கள்தானே நீங்க. இதுக்கு வெயிலும் கூடக்கூடா, இருட்டும் கூடக்கூடா. ஆர் பொறுப்பாப் பாக்கிற?"

"நான் பாக்கிறன் நோனா" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

நோனாவின் தோணி தள்ளியதுதான் தாமதம், அப்பா இலையைப் புரட்டிப் பார்த்தார். "சீக்குக் கொடி. வெள்ளை பாஞ்சிரிக்கு." வெற்றிலைக்காரருக்கு இலையில் வெள்ளை என்றால் நோய்தான். அதனால் இளம் வெற்றிலைக் கொடியைப் பார்ப்பது போலவே, தென்னோலைக் கிடுகு போட்ட பந்தலின் நடுவே வெயில் எட்டாத இடத்தில் சட்டியை வைத்து, மீன் கழுவிய தண்ணீரும் ஊற்றி வந்தார். அக்கா சொல்லிப் பார்த்தாள், "நான் பாக்காத கொடியா?" என்றார். ஒரு மாதத்தில் புதிதாக வந்த இலையெல்லாம் முழுப்பச்சை. தோட்டத்துக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"நோனாட சீக்கை மாத்திட்டன், பாருங்க."

வெற்றிலை எடுக்க வருகிற காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், குனிந்து பார்த்துவிட்டு, "நோனாக்கும் இந்தத் தண்ணியில கொஞ்சம் ஊத்துங்களன், அவவும் பச்சையாகட்டும்" என்றார். அப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கிடுகின் ஓட்டை வழியாக வெளியே தலை நீட்டியிருந்த ஒரே ஒரு தண்டைப் பிடித்து எனக்குக் காட்டினாள். புதிதாக வந்த இலைகளில் அதற்கு மட்டும் வெள்ளை ஓரம் இருந்தது.

"இது சீக்கில்ல புள்ள. இதுட நிறமே இதுதான். வெளிச்சம் காணாமத்தான் மற்றதெல்லாம் பச்சையாப் போயிரிக்கு."

மறுநாள் சட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தாள். வெயில் கிணற்றடியைத் தொட்டதும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லி என்னை இருத்திவிட்டு, அம்மாவோடு வெற்றிலை ஆயப் போனாள். நான் கொஞ்ச நேரம் இருந்தேன். ஆற்றோரம் பிள்ளைகள் சீலைத்துண்டால் இறால் வடித்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. போய்விட்டேன். திரும்பி வரும்போது உச்சி வெயில் சட்டிக்கு நேர்மேலே நின்றது. இலைகளின் வெள்ளை ஓரமெல்லாம் கருகின கடதாசி போல, தொட்டால் நொறுங்கியது.

அக்கா வந்து சட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கருகின துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவள் அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் குரலெடுத்து அழுததும், "அழாத புள்ள. கண்ணீர் உப்பு, செடிக்கு ஆகா" என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "நோனா வர இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு" என்றாள்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து சட்டியை இடுப்பில் பிள்ளை போல வைத்துக்கொண்டு வீட்டு வளவெல்லாம் நடந்தாள். போகிற இடமெல்லாம் சட்டியை இறக்கி, இலைக்கு மேலே கையை விரித்துப் பிடித்து நிழலைப் பார்த்தாள். முற்றத்தில் ஐந்து விரலின் நிழலும் கத்தியால் வெட்டினது போலத் தனித்தனியாக விழுந்தன. குசினிக்குள், அடுப்படி இருட்டில், நிழலே இல்லை. கடைசியில் தாழ்வாரத்துச் சுவரோரம், ஆத்துவெயில் ஆடுகிற இடத்தில், கை விழுந்தது, விரல் தெரியவில்லை. புகை போல ஒரு நிழல்.

"இதுதான். இந்த நிழல் எப்ப மாறுதோ அப்ப சட்டியும் மாறணும். நீதான் பாக்கணும்."

கெடுத்த என்னிடமே தந்தாள். அன்று முதல் நான் ஆற்றுப் பக்கம் போகவில்லை. மழை இருட்டினால் சட்டியை வெளியே நகர்த்துவேன், வானம் வெளுத்தால் உள்ளே இழுப்பேன். சோறு தின்னும்போதும் எழும்பிப்போய்க் கை பிடித்துப் பார்த்துவிட்டு வருவேன். நோனா வருகிறபோது, கருகினதும் பச்சையுமான அந்தக் கொடியின் நுனியில் மூன்று சின்ன இலைகள், வெள்ளைக் கரையோடு விரிந்திருந்தன.

நோனா கருகலைத்தான் முதலில் பார்த்தார். "ஆர் இதை வெயில்ல வைச்ச?"

"நான்தான் நோனா" என்றாள் அக்கா.

"இல்ல, நான்தான்! நான்தான் மறந்துபோனன்!" என்று நான் கத்திக்கொண்டு அழுதேன்.

"ரெண்டு பேராச் சேந்தா ஒரு செடியை எரிச்சீங்க?" என்றவர், நுனியைப் பார்த்ததும் குனிந்தார். "இதுக்கு எப்பிடி வெளிச்சத்தை அளந்த?"

அக்கா கையை விரித்துப் பிடித்துக் காட்டினாள். நோனாவும் தன் மோதிரக் கையைப் பக்கத்தில் நீட்டினார். இரண்டு புகை நிழலும் சேர்ந்து இலையில் விழுந்தன. பிறகு, அப்பா பெருமைப்பட்ட அந்தக் கொழுத்த பச்சைத் தண்டை நகத்தால் கிள்ளி எறிந்தார். அப்பா "ஐயோ!" என்றது எனக்கு இன்றும் காதில் நிற்கிறது.

"இதை உட்டா மற்றதை வளர உடா" என்றவர், நிமிர்ந்து, "இந்தப் புள்ளைய என்னோட அனுப்புறீங்களா?" என்று கேட்டார்.

"மச்சான்காரனுக்கு நான் என்னத்தச் சொல்லுற?"

"நெல்லு விளையும் வரைக்கும் காத்துக்கிடக்கிறவன்தானே. இதுக்கும் இரிக்கட்டும்."

அப்பா வாக்கு மாறவில்லை. அக்கா தோணி ஏறினாள். நோனா கொடியை எனக்கே விட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அக்கா ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கையில் ஏந்தினாள். மூலை இருட்டில் பாயைப் போட்டிருந்தால், தன் கையை விரித்து நிழலைப் பார்த்து, கண் கூசாத இடத்துக்குப் பாயை இழுத்துவிட்டுத்தான் தாயைத் தொடுவாளாம். அப்படிப் போன ஒரு வீட்டில் இருந்து காய்ச்சலோடு வந்தாள். ஆறு நாள்தான் இருந்தாள்.

"அண்டைக்கு அந்தக் கொடி செத்திரிந்தா என்ட புள்ள இண்டைக்கு இரிந்திருப்பா" என்று அம்மா அழுதார். எனக்கும் அதே நினைப்புதான். கொடியைக் குசினி மூலையில் தள்ளிவிட்டு, நானும் வெளியே வராமல் கிடந்தேன்.

போன கிழமை, தெரியாத ஒரு பெண் வாகரைப் பக்கத்தில் இருந்து மாட்டுவண்டியில் வந்தாள். அக்கா இறந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்ததாம். "ரெண்டு உயிரையும் தந்துட்டுப் போனவ" என்று சொல்லி, ஒரு வயதுப் பெண்பிள்ளையை என் மடியில் வைத்தாள். அது என் விரலைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. அக்கா போகாமல் இருந்திருக்கலாம் என்று அதன் முகத்துக்கு முன்னால் நினைக்க என்னால் முடியவில்லை. மடியில் அது கனத்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது.

இப்போது வெற்றிலைத் தோட்டம் இல்லை, ஒரு வெள்ளத்தோடு போய்விட்டது. நோனாவும் கப்பலேறித் தன் மகனிடம் போய்விட்டார். வாகரையில் இருந்து வந்த தாயும் பிள்ளையும் வண்டி ஏறிய பிறகு கொடியை மூலையில் இருந்து எடுத்தேன். ஐந்து மாத இருட்டில் எல்லாம் பச்சையாகிக் கிடந்தது. "நல்லாத்தானே இரிக்கு, பச்சையா" என்றார் அப்பா. நான் கொழுத்த தண்டுகளைக் கிள்ளினேன். தாழ்வாரத்துச் சுவரோரம் சட்டியை வைத்து, கையை விரித்துப் பிடித்தேன். ஆத்துவெயில் ஆடியது. விரல் தெரியாத நிழல்.

ஒரு கொழுந்து வந்திருக்கிறது. இன்னும் விரியவில்லை. நாளைக்கும் பார்ப்பேன்.